வீட்டிலேயே பிரசவம் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்ட அஞ்செட்டித் தம்பிக்கு

தம்பி கேட்டது இதுதான். அஞ்செட்டிக்கு மேலே, தார்ச்சாலை முடிந்த பிறகும் மண்பாதையில் நடக்க வேண்டிய மலைக்கிராமம். மனைவிக்கு 20 வயது. மூத்த குழந்தைக்கு ஒன்றரை வயது, இப்போது வயிற்றில் ஏழாவது மாதம். தலைப்பிரசவம் ஆஸ்பத்திரியில். அங்கே தையல் போட்டது, வலியில் கத்தினதுக்குத் திட்டு வாங்கியது, பக்கத்தில் ஒருத்தரையும் விடாதது எல்லாம் மனசில் நின்றுபோய், 'இந்தத் தடவை அங்கே வரமாட்டேன்' என்கிறாள். வீட்டில் இருக்கிற பாட்டி ஒரு காலத்தில் ஊருக்கே பேறு பார்த்தவர். 'நான் பார்த்துக்கறேன், என்னத்துக்கு ஆஸ்பத்திரி' என்கிறார். வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாமா, அப்படியானால் என்னென்ன தயார் செய்ய வேண்டும், அடுத்ததைத் தள்ளிப்போட என்ன வழி என்று மூன்று கேள்வி.

நான் கிருஷ்ணகிரி, தருமபுரி என்கிற இந்த இரண்டு மாவட்டத்து மலைகளிலும் கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். பிரசவத்தை வீட்டில் வைக்காதீர்கள். அதே சமயம் அந்தப் பெண் கேட்பதில் ஒன்றுகூட நியாயமில்லாதது கிடையாது. திட்டாத ஆள், பக்கத்தில் ஒரு சொந்தம், தேவையில்லாமல் கத்தரி படாத உடம்பு. இந்த மூன்றும் ஆஸ்பத்திரியிலேயே கிடைக்கும். கொஞ்சம் முன்கூட்டி ஏற்பாடு செய்ய வேண்டும், அவ்வளவுதான். வீட்டில் கிடைக்காதது இரண்டு இருக்கிறது. அவை எந்த ஏற்பாட்டிலும் கிடைக்காது.

முதலாவது, ரத்தப்போக்கை நிறுத்துவது. ஊரில் பிள்ளை அழுத சத்தம் கேட்டதும் 'அப்பாடா' என்பார்கள். ஆணா பெண்ணா, யார் சாயல் என்று வீடே குழந்தைப் பக்கம் திரும்பிவிடும். தாய்க்கு ஆபத்தான நேரம் அப்போதுதான் தொடங்குகிறது. நிறைமாதத்தில் கர்ப்பப்பைக்கு நிமிஷத்துக்கு அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் ஓடுகிறது. பிள்ளையோடு கொடியால் இணைந்திருக்கிற நஞ்சு பிரிந்ததும், அது ஒட்டியிருந்த இடத்தில் ரத்தக்குழாய்கள் வாய் திறந்து கிடக்கும். கர்ப்பப்பைத் தசை இறுகினால்தான் அவை நெரிந்து மூடும். தொப்புள் மட்டத்தில் கை வைத்தால் தேங்காய் மாதிரி கெட்டியாகத் தட்டுப்பட வேண்டும். கை அமுங்கினால் உள்ளே ரத்தம் ஓடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். இதற்காகத்தான் பிள்ளை வெளியே வந்த ஒரு நிமிஷத்துக்குள் தாயின் தொடையில் ஆக்சிடோசின் 10 யூனிட் ஊசி போடுகிறோம். அந்த மருந்து குளிர்பெட்டியில் இருக்க வேண்டியது. அதற்கும் நிற்காவிட்டால் வேறு மருந்துகள், பிறகு ரத்தம் ஏற்றுவது, கடைசியில் அறுவை. தொடங்கின ரத்தப்போக்கை யாரும் நிறுத்தாவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் ஆளே போய்விடலாம். இன்னொன்று, இது யாருக்கு வரும் என்று முன்னாலேயே சொல்ல முடியாது. பிரசவத்துக்கு முன்பு எந்தக் குறையும் இல்லாதவர்களுக்குத்தான் அதிகம் வருகிறது. 'போன தடவை நல்லா ஆச்சே' என்பது இதற்குச் சாட்சி ஆகாது.

இரண்டாவது, பிள்ளையின் மூச்சு. பத்துக் குழந்தையில் ஒன்றுக்கு முதல் மூச்சைத் தொடங்க ஏதோ ஒரு உதவி வேண்டியிருக்கும். பெரும்பாலும் துணியால் நன்றாகத் துடைத்து, முதுகைத் தேய்த்துவிட்டாலே அழுதுவிடும். சிலதுக்கு அது போதாது. சின்ன முகமூடி வைத்து, பையை அமுக்கிக் காற்று கொடுக்க வேண்டும், அதுவும் முதல் நிமிஷத்திலேயே. அந்தப் பையும் பழகின கையும் பக்கத்தில் இருக்கிற இடத்தில் இது சாதாரண வேலை. இல்லாத இடத்தில் குழந்தையைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டுவார்கள், முகத்தில் தண்ணீர் தெளிப்பார்கள். அந்த நேரமெல்லாம் வீணாகப் போகிற நேரம்.

பாட்டியைப் பற்றி ஒரு வார்த்தை. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் மலையில் மருத்துவச்சிகளோடு சேர்ந்துதான் வேலை பார்த்தேன். வயிற்றைத் தடவியே பிள்ளை குறுக்கே கிடக்கிறதா என்று சொல்கிற கை அவர்களுடையது. படுக்கவிடாமல் நடக்க வைப்பார்கள், வலி வரும்போது இடுப்பை அழுத்திப் பிடிப்பார்கள், சுடுகஞ்சி கொடுப்பார்கள், பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். இப்போது உலக சுகாதார நிறுவனம் சொல்வதும் கிட்டத்தட்ட இதுதான். கூடவே ஒரு ஆள் விடாமல் துணை இருந்தால் வலி நேரம் குறைகிறது, அறுவைக்குப் போவதும் குறைகிறது என்று ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன. ஆனால் பாட்டியிடம் 'எத்தனை பேறு பார்த்தீங்க' என்று கேட்டால் பெரிய எண் வரும். எத்தனை பேர் ரத்தம் போய்ச் செத்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். அவரும் சொல்வார், ஒளிக்க மாட்டார். 1990 வாக்கில் இந்தியாவில் ஒரு லட்சம் பிரசவத்துக்கு ஐநூறுக்கும் மேற்பட்ட தாய்மார்கள் செத்தார்கள். தமிழ்நாட்டில் 2018-20 கணக்கில் அது 54. அந்தக் காலத்துப் பெண்களுக்குத் தெம்பு அதிகம் என்பார்கள். பிழைத்தவர்கள்தானே வந்து கதை சொல்கிறார்கள்.

'வெளிநாட்டில் படித்தவர்களே வீட்டில் பெத்துக்கறாங்களே' என்று யாராவது கைபேசியில் காட்டியிருக்கலாம். உண்மைதான், இங்கிலாந்தில் உண்டு, நெதர்லாந்தில் உண்டு. அங்கே வீட்டுக்கு வருவது பல வருஷம் படித்து உரிமம் வாங்கின மருத்துவச்சி. ஆக்சிஜனும் ரத்தப்போக்கு மருந்தும் பையில் இருக்கும். வாசலில் நல்ல ரோடு, ஆம்புலன்ஸ் வரும். அப்படியும் 2011-ல் இங்கிலாந்தில் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட பிரசவங்களைப் பார்த்த ஆய்வில், வீட்டில் தொடங்கின தலைப்பிரசவக்காரிகளில் நூற்றுக்கு 45 பேரை நடுவிலோ பிரசவம் முடிந்த கையோடோ ஆஸ்பத்திரிக்கு மாற்ற வேண்டியிருந்தது. அவர்களின் குழந்தைகளுக்கு ஆபத்தும் கூடுதலாக இருந்தது. ஏற்கெனவே பெற்றவர்களுக்குக் குழந்தைக்கான ஆபத்தில் பெரிய வித்தியாசம் இல்லை; ஆனால் அவர்களிலும் பத்தில் ஒருத்தருக்கு மேல் மாற்றப்பட்டார்கள். அங்கே 'மாற்றுவது' என்றால் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் முடிகிற விஷயம். அஞ்செட்டி மலையில் ராத்திரி மாற்றுவது என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நம் நாட்டில் 2018-ல் மத்திய அரசு மருத்துவச்சிச் செவிலியர்களை உருவாக்கும் வழிகாட்டுதலைக் கொண்டுவந்தது. அவர்களும் ஆஸ்பத்திரியோடு ஒட்டின பிரிவில்தான் பிரசவம் பார்ப்பார்கள், வீட்டுக்கு வர மாட்டார்கள். ஆகவே 'படித்த மருத்துவச்சியை வைத்து வீட்டில்' என்கிற வழியே இன்றைக்கு உங்களுக்கு இல்லை. வீடியோ பார்த்துச் செய்வதைப் பற்றி எழுதவே கை வரவில்லை. 2023-ல் நம் போச்சம்பள்ளிப் பக்கத்திலேயே அப்படி ஒரு இளம்பெண் ரத்தம் போய் இறந்ததைப் பேப்பரில் நீங்களும் படித்திருப்பீர்கள்.

சரி, அவள் கேட்பதை எப்படி வாங்கிக்கொடுப்பது?

பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும் என்று இல்லை. நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் சாதாரணப் பிரசவத்தைப் பெரும்பாலும் செவிலியர்கள்தான் பார்க்கிறார்கள். அவற்றில் பெரும்பாலானவற்றில் பிரசவ அறுவை செய்வதில்லை என்பதால் 'சும்மாவே வயிற்றைக் கிழிச்சிடுவாங்க' என்கிற பயத்துக்கு இடமில்லை. அந்தப் பயத்தையும் நான் கேலி செய்ய மாட்டேன். 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பிரசவங்களில் நூற்றுக்கு 45 அறுவைதான், தனியாரில் அறுபதையும் தாண்டியது. இது தேவைக்கு மிஞ்சின எண்ணிக்கை என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் இரண்டாவது பிள்ளை, முதலாவது சுகப்பிரசவம், தலை கீழே, வேறு சிக்கல் எதுவும் இல்லை என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சாதாரணமாகப் பிறக்கவே வாய்ப்பு மிக அதிகம். சிக்கல் தெரிந்தால் அங்கிருந்தே தேன்கனிக்கோட்டைக்கோ ஓசூருக்கோ கிருஷ்ணகிரி மருத்துவக் கல்லூரிக்கோ அனுப்புவார்கள். போகும்போதே ஊசி போட்டு, டிரிப்ஸ் ஏற்றித்தான் அனுப்புவார்கள். இரவிலும் அறுவையும் ரத்தமும் கிடைக்கிற ஆஸ்பத்திரி எது என்று இப்போதே உங்கள் ஊர் நர்ஸிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த மாத செக்கப்புக்குப் போகும்போது, பிரசவ அறையை ஒரு தடவை காட்டச் சொல்லுங்கள். எந்தக் கட்டில், கழிப்பறை எங்கே, யார் இருப்பார்கள் என்று முன்னாலேயே பார்த்துவிட்ட பெண் பாதிப் பயத்தை அங்கேயே விட்டுவிட்டு வருவாள். அங்கேயே செவிலியரிடம் போன தடவை நடந்ததை அவளே சொல்லட்டும். 'போன முறை திட்டினாங்க, எனக்குப் பயமா இருக்குக்கா' என்று நேராகச் சொன்னால் பெரும்பாலான செவிலியர்கள் இளகிவிடுவார்கள். இளகாதவர்களும் உண்டு, இல்லையென்று சொல்ல மாட்டேன். அப்படிப்பட்டவர் கிடைத்தால் அந்த நிலையத்து மருத்துவ அலுவலரிடம் சொல்லலாம், 104 சுகாதார உதவி எண்ணுக்கும் பேசலாம்.

துணைக்கு ஒரு பெண் உறவினரை பிரசவ அறைக்குள் விடுவது தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரிகளில் ரொம்ப வருஷமாகவே உள்ள ஏற்பாடு. ஏற்கெனவே பிள்ளை பெற்றவராகவும், காய்ச்சல் இருமல் இல்லாதவராகவும் இருந்தால் நல்லது. பாட்டியையே அனுப்புங்கள்! அவருக்குத் தெரிந்த இடுப்புத் தேய்ப்பும் பேச்சும் அங்கே வேலை செய்யட்டும். ஊசியும் கத்தரியும் செவிலியர் கையில் இருக்கட்டும். பாட்டியிடம் ஒன்று மட்டும் முன்னாலேயே சொல்லி வையுங்கள், வயிற்றை மேலிருந்து அமுக்கித் தள்ளக் கூடாது. யார் அதைச் செய்தாலும் தடுக்க வேண்டும், ஆஸ்பத்திரிக்காரர்களாக இருந்தாலும்.

தையல் விஷயம். பிள்ளைத் தலை வரும் நேரத்தில் கீழே கத்தரிப்பதை எல்லோருக்கும் வழக்கமாகச் செய்ய வேண்டாம் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் நிலை. பிள்ளையின் நாடித்துடிப்பு இறங்கி அவசரமாக எடுக்க வேண்டியிருந்தால், அதுபோன்ற காரணத்துக்குச் செய்வார்கள். இரண்டாவது தடவை அதற்கான தேவையும் குறைவு. 'அவசியம் இல்லேன்னா வெட்ட வேண்டாம்க்கா, வெட்டறதா இருந்தா சொல்லிட்டு, மரத்துப்போற ஊசி போட்டுட்டு வெட்டுங்க' என்று வலி தொடங்குமுன்பே சொல்லி வைக்கலாம். தலை தெரியும் நேரத்தில் செவிலியர் 'முக்காதே, ஊது' என்பார். அந்த ஒரு நிமிஷம் அவர் சொன்னபடி கேட்டால் தானாகக் கிழிவதும் குறையும். வலி நேரத்தில் நடக்கலாம், உட்காரலாம், ஒருக்களித்துப் படுக்கலாம், தண்ணீரும் கஞ்சியும் குடிக்கலாம். மல்லாந்தே கிடக்க வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை.

இதெல்லாம் அவள் உடம்பு நன்றாக இருந்தால். நன்றாக இருக்கிறதா என்பது தாய் சேய் அட்டையில் எழுதியிருக்கிறது. நிறைய வீட்டில் அதை நெகிழிப் பையில் சுருட்டி உத்தரத்தில் செருகி வைத்திருப்பார்கள், அவசரத்துக்குத்தான் எடுப்பார்கள். இன்றைக்கு எடுத்துப் பாருங்கள். எச்.பி., அதாவது ரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவு, 11-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை, 7-க்குக் கீழே போனால் அது ஆபத்தான சோகை. மூத்தது ஒன்றரை வயதிலேயே இது ஏழாம் மாதம் என்றால், போன பிரசவத்தில் போன ரத்தத்தை உடம்பு இன்னும் ஈடுகட்டியிருக்காது. அதனால் இந்த எண்தான் எனக்கு முதல் கவலை. ரத்தம் குறைவாக உள்ளவளுக்குக் கொஞ்சம் ரத்தப்போக்கே பெரிய அடியாகிவிடும். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டால் வயிறு புரட்டுகிறது, மலம் கறுப்பாகப் போகிறது என்று மாத்திரையை அரிசிப்பானைக்குள் போட்டுவிடுவார்கள், அதுவும் எனக்குத் தெரியும். மலம் கறுப்பது மாத்திரையால்தான், கெடுதல் இல்லை. ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் போடட்டும். முக்கியமாக, அதோடு டீ வேண்டாம்; ஒரு மணி நேரமாவது தள்ளியே டீ. சுண்ணாம்புச்சத்து மாத்திரையையும் அதே வேளையில் போடக் கூடாது. களியும் கீரையும் நல்லதுதான், நம் ராகியில் சுண்ணாம்புச்சத்து நிறைய உண்டு. ஆனால் சோகை வந்துவிட்டால் அதைக் களி மட்டும் சரி செய்யாது. எச்.பி. ரொம்பக் குறைவாக இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே நரம்பு வழியாக இரும்புச்சத்து ஏற்றுவார்கள். ஏழாம் மாதத்தில் ஏற்றினால் பிரசவத்துக்குள் ஏற இடமிருக்கும். ஒன்பதாம் மாதத்தில் ஓடிப் பிரயோஜனமில்லை.

ரத்த அழுத்தம் 140/90-ஐத் தொட்டால், அல்லது தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, முகம் கை வீக்கம் வந்தால் அன்றைக்கே காட்ட வேண்டும். அது ஜன்னியில், அதாவது வலிப்பில், போய் முடியலாம். ரத்த வகை நெகட்டிவ் என்றால் ஏழாம் மாதத்திலும், பிறந்த குழந்தை பாசிட்டிவ் என்றால் பிறந்த 72 மணி நேரத்துக்குள்ளும் ஒரு ஊசி உண்டு. ஸ்கேனில் நஞ்சு கீழே இருக்கிறது, குழந்தை குறுக்கே இருக்கிறது, இரட்டை என்று எழுதியிருந்தால் ஆரம்ப சுகாதார நிலையமும் போதாது, நேரே பெரிய ஆஸ்பத்திரி.

இனி பாதை. உங்கள் ஊர்க் கஷ்டம் எனக்குத் தெரியாதது அல்ல. பென்னாகரம் பக்கத்துக் கோட்டூர் மலைக்குத் தேர்தல் பெட்டியே கழுதை மேல் போயிருக்கிறது. அங்கேயும் சித்தேரி மலைப் பக்கத்திலும் வலி வந்த பெண்ணைத் தூளி கட்டி இறக்கியிருக்கிறார்கள். உங்கள் பக்கம் அதோடு யானையும் சேர்த்தி. அதனால் வலி வந்த பிறகு கிளம்புகிற திட்டம் உங்களுக்கு ஆகாது. இரண்டாவது பிள்ளை, முதலாவதை விட வேகமாக வரும். இடுப்பு வலி பிடித்துத் தூளி கட்டி முடிப்பதற்குள் தலை தெரியலாம். மலையடிவாரத்து ஆரம்ப சுகாதார நிலையங்கள் சிலவற்றில் பிரசவ காத்திருப்பு அறை உண்டு. குறித்த தேதிக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பே ஒரு துணையோடு போய்த் தங்கலாம், சாப்பாடும் உண்டு. உங்களுக்குக் கிட்ட எங்கே இருக்கிறது என்று நர்ஸிடம் கேளுங்கள். இல்லாவிட்டால் அஞ்செட்டியிலோ தேன்கனிக்கோட்டையிலோ சொந்தக்காரர் வீடு. மூத்த குழந்தையை யார் பார்ப்பது, ஆடு மாட்டை யார் பார்ப்பது என்று வீட்டில் சண்டை வரும். அந்தச் சண்டையை இந்த மாதமே போட்டு முடித்துவிடுங்கள். 108 எதுவரை வரும், சிக்னல் எந்தப் பாறை மேல் கிடைக்கும், தூக்க நாலு ஆள் யார் என்பதும் முன்னாலேயே முடிவாகியிருக்க வேண்டும்.

இத்தனைக்கும் மீறி வழியிலோ வீட்டிலோ வந்துவிட்டால்? நீங்கள் 'என்ன தயார் செய்வது' என்று கேட்டதற்கு இதுதான் பதில். ஒரு பையில் சோப்பு, துவைத்து வெயிலில் காயவைத்த மெத்தென்ற துணி நாலைந்து, பிரிக்காத புது பிளேடு, கொதிக்க வைத்துக் காயவைத்த நூல், டார்ச், தாய் சேய் அட்டை. 108-க்குப் பேசிவிட்டு இணைப்பைத் துண்டிக்காதீர்கள், அவர்களே சொல்லிக்கொடுப்பார்கள். கையை முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவுங்கள். உள்ளே கை விடக் கூடாது. தலையைப் பிடித்து இழுக்கக் கூடாது. உள்ளங்கையால் தாங்கினால் போதும், மீதியை வலியே செய்யும். கழுத்தில் கொடி சுற்றி லூசாக இருந்தால் தலைக்கு மேலாகக் கழற்றிவிடுங்கள். பிறந்ததும் துடையுங்கள், தலை, முதுகு, கை, கால் எல்லாம். ஈரத்துணியை வீசிவிட்டு, குழந்தையை அம்மாவின் வெறும் மார்பில் தோலோடு தோலாகக் கவிழ்த்துப் படுக்கவைத்து, இரண்டு பேரையும் சேர்த்துப் போர்த்துங்கள். குழந்தை தலைக்கு ஒரு துணி. அழவில்லை என்றால் முதுகைத் தேய்த்துக்கொண்டே இருங்கள்.

கொடியை வெட்ட அவசரம் வேண்டாம். அது துடிப்பது நிற்கும் வரை குழந்தைக்கு ரத்தம் போய்க்கொண்டிருக்கும், அது குழந்தைக்கு நல்லது. வண்டி கிட்ட வந்துவிட்டது என்றால் வெட்டவே வேண்டாம், நஞ்சோடு சேர்த்துக் கொண்டுபோகலாம். வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால் இரண்டு இடத்தில் இறுக்கிக் கட்டி, நடுவில் புது பிளேடால் வெட்டுங்கள். அதன் மேல் சாம்பல், சாணி, மஞ்சள், எண்ணெய் ஒன்றும் வேண்டாம், காய்ந்து தானாக விழும். நஞ்சு வரட்டும் என்று கொடியை இழுக்காதீர்கள். இழுத்தால் கர்ப்பப்பையே வெளியே வந்துவிடும், நான் பார்த்திருக்கிறேன். குழந்தை மார்பைச் சப்பினால் நஞ்சு தானாக இறங்க உதவும். அரை மணி ஆகியும் வராவிட்டால் ஆபத்து. வந்த பிறகு அதைப் புதைத்துவிடாமல் பையில் போட்டு எடுத்து வாருங்கள். துண்டு உள்ளே நின்றிருக்கிறதா என்று நாங்கள் விரித்துப் பார்க்க வேண்டும். தொப்புளுக்குக் கீழே வயிற்றைத் தேய்த்துக் கெட்டியாக வைத்திருங்கள், அவளை ஒன்றுக்குப் போகச் சொல்லுங்கள், மூத்திரப்பை நிறைந்திருந்தால் கர்ப்பப்பை இறுகாது. எல்லாம் நல்லபடியாக முடிந்தாலும் தாயும் பிள்ளையும் ஆஸ்பத்திரிக்கு வரத்தான் வேண்டும். ஊரில் ஊசி போடுகிற யாரையாவது கூப்பிட்டு 'வலி ஊசி' போடுவது மட்டும் கூடவே கூடாது. பிள்ளை பிறக்குமுன் அளவு தெரியாமல் போட்டால் கர்ப்பப்பை வெடிக்கும்.

குழந்தைக்கு முதல் ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால். மஞ்சளாக வருகிற சீம்பாலைப் பீய்ச்சிக் கீழே விட்டுவிட்டு, சேனை என்று சர்க்கரைத் தண்ணியும் கழுதைப்பாலும் நாக்கில் வைக்கிற வழக்கம் நம் பக்கம் இன்னும் போகவில்லை. அன்பாகத்தான் செய்கிறார்கள், ஆனால் வயிற்றுப்போக்கு அங்கிருந்துதான் தொடங்கும். ஆறு மாதம் தாய்ப்பால் தவிரத் தண்ணீர்கூட வேண்டாம். முதல் நாள் குளிப்பாட்டாதீர்கள், மலைக்குளிரில் குழந்தை சில்லிட்டுப்போகும். 24 மணி நேரத்துக்குள் மஞ்சள்காமாலைத் தடுப்பூசி, அதோடு காசநோய்த் தடுப்பூசி, போலியோ சொட்டு, வைட்டமின் கே ஊசி. வீட்டிலேயே பிறந்தால் இவைதான் முதலில் தவறும். இரண்டரைக் கிலோவுக்குக் குறைவான குழந்தை என்றால் தோலோடு தோலாக நாள் முழுக்க வைத்திருக்க வேண்டும். பால் குடிக்கவில்லை, உடம்பு சில்லென்று இருக்கிறது, நிமிஷத்துக்கு 60-க்கு மேல் மூச்சு வாங்குகிறது, உள்ளங்கை உள்ளங்கால் மஞ்சளாகிறது, வலிப்பு வருகிறது என்றால் காலை வரை காத்திருக்காதீர்கள். தாய்க்குப் பத்தியம் என்று தண்ணீரைக் குறைப்பதையும் பாட்டியிடம் பேசி நிறுத்துங்கள், பால் சுரக்கத் தண்ணீர் வேண்டும்.

உங்கள் கேள்வியில் இல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், இதைப் படிக்கிற வேறு வீடுகளுக்காக. நம் இரண்டு மாவட்டத்திலும் மறைத்து நடக்கிற வீட்டுப் பிரசவங்கள் உண்டு. பெண்ணுக்கு 18 ஆகவில்லை, ஆஸ்பத்திரிக்குப் போனால் போக்சோவில் (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம்) கேஸ் வரும் என்று வீட்டிலேயே வைத்துவிடுகிறார்கள். பதினாறு வயது உடம்பில் ஜன்னியும் சோகையும் எடை குறைந்த பிள்ளையும் அதிகம், அதை மறைத்து வைப்பது கொலைக்குச் சமம். தகவல் சொல்லும் கடமை மருத்துவருக்கு உண்டு; அதற்காக வைத்தியத்தை மறுக்க முடியாது. கரு வேண்டாம் என்றால் சட்டப்படி 20 வாரம் வரை ஒரு மருத்துவர் கருத்திலும், 2021 திருத்தத்துக்குப் பிறகு சில நிலைகளில் 24 வாரம் வரை இரண்டு மருத்துவர் கருத்திலும் கலைக்கலாம். 18 நிறைந்தவளுக்குத் தன் சம்மதம் மட்டும் போதும். மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிப் போட்டு ரத்தம் கொட்டி வந்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். வயிற்றில் இருப்பது பெண் என்று சொல்கிற ஸ்கேன்காரன் 1994 சட்டப்படி குற்றவாளி, அவனைத் தேடிப் போகிறவர்களும்தான்.

கடைசிக் கேள்வி, இடைவெளி. ஒரு பிள்ளை பிறந்து அடுத்தது வயிற்றில் தங்க இரண்டு வருஷமாவது போக வேண்டும். பிரசவமான 48 மணி நேரத்துக்குள் கர்ப்பப்பைக்குள் வைக்கிற காப்பர்-டி போடலாம். அப்போது விட்டால் ஆறு வாரம் கழித்து. ஒரு வகை ஐந்து வருஷம், இன்னொன்று பத்து வருஷம் நிற்கும், வேண்டாமென்றால் எப்போதும் எடுத்துவிடலாம். அந்தரா ஊசி மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, பால் கொடுப்பவர்கள் ஆறு வாரத்துக்குப் பிறகு தொடங்கலாம். மாதவிலக்கு தாறுமாறாகும், பயப்பட வேண்டாம். சாயா மாத்திரை முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு, பிறகு வாரத்துக்கு ஒன்று, பாலைப் பாதிக்காது. இரண்டு பிள்ளை போதும் என்று இருவரும் முடிவெடுத்தால், அவளுக்குச் செய்வதை விட உங்களுக்குத் தையலில்லாமல் செய்கிற ஆண் கருத்தடை எளிது. இரண்டு நாள் கழித்து லேசான வேலைக்குப் போகலாம். மூன்று மாதம் ஆணுறையோடு இருந்து பரிசோதித்துக்கொள்ள வேண்டும். இந்த யோசனையைச் சொன்னால் ஆண்கள் பேச்சை மாற்றிவிடுவார்கள். நீங்கள் மாற்ற மாட்டீர்கள் என்று நினைக்கிறேன்.

காப்பர்-டியைக் கேட்காமலே போட்டுவிட்டார்கள் என்கிற புகாரும் நம் பக்கம் உண்டு. அதனால் வேண்டுமா வேண்டாமா என்று அவளே யோசித்து, வலி வருவதற்கு முன்பே, இந்த மாத செக்கப்பிலேயே செவிலியரிடம் சொல்லி அட்டையில் எழுதி வாங்கட்டும். நீங்கள் வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, அவளை மட்டும் உள்ளே பேச விடுங்கள்.